பதினாலாவது பட்டன்

ஏனுங்க தம்பி, அந்தப் பெட்டிய இப்படி என்ர காலுக்கிட்டத் தள்ளி வெச்சுக்கோங்க. கண்டக்டர் வந்தா மிதிச்சுப்போடுவாரு. அட, நெம்பக் கனமா இருக்குது. இரும்புச் சாமானுங்களா? சரி, அது கெடக்கட்டும். நான் உங்கள ஒண்ணு கேக்கோணும். உக்கடத்துல ஏறுனப்ப கண்டக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? ‘பதினாலு மாடியிலருந்து ஓடி வர்றேன், அதான் லேட்டு’ன்னு சொன்னீங்கல்ல? அந்த வார்த்தையக் கேட்டுத்தான் முன்னால இருந்த ஜன்னல் சீட்ட உட்டுப்போட்டு உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

பதினாலு மாடி. எங்க, இன்னொருக்கா சொல்லுங்க. வேண்டாம், நானே சொல்லிக்கறேன். பதினாலு மாடி. நீங்க அங்க என்ன வேலையா இருக்கறீங்க? இருங்க, அத அப்பறம் சொல்லுவீங்களாம். முதல்ல என்ர கதையக் கேளுங்க. உடுமலைக்குத்தான நீங்களும் டிக்கெட் வாங்குனீங்க? ரெண்டு மணி நேரம் இருக்குது.

நான் நாச்சிமுத்துங்க. பெயிண்டரு. போர்டு எழுதறவன். வர்ற வியாழக்கிழம என்ர பொண்ணு கோகிலாவுக்குக் கலியாணம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சுதா, இன்னும் நாலே நாளு. நான் பந்தல்ல நிக்காம எதுக்கு இந்தப் பஸ்ஸுல உக்காந்துட்டுப் போறேன்? என்ர சம்சாரத்தோட அண்ணன், திருமூர்த்தின்னு பேரு, உடுமலையில இருக்கறாரு. அந்த மனுசன் கலியாணத்துக்கு வரமாட்டேங்கறாரு. தாய்மாமன் இல்லாம எங்கூட்டுப் பொண்ணு மணவறைக்கு வருமுங்களா? மாமன் மாலையப் போட்டு, கையப் புடிச்சுக் கூட்டியாந்து உக்கார வெக்கோணும். அவரு வரலீன்னா மண்டபத்துக்குள்ளயே காலெடுத்து வெக்கமாட்டேன்னு மயிலாத்தா சொல்லிப்போட்டா. மயிலாத்தாங்கறது என்ர சம்சாரமுங்க. அவ சொன்னா சொன்னதுதான்.

என்ன தகராறுன்னு கேக்கறீங்களா? நகையா? காடு தோட்டமா? ஒண்ணுமே இல்லீங்க. ஒரு மாடி. ஒரே ஒரு மாடிதான் தகராறு.

பத்து நாளைக்கு முன்னால நானும் மயிலாத்தாளும் போயி, தட்டுல வெத்தல பாக்கு, பூவு, பழம் எல்லாம் வெச்சு, மேல பத்திரிகைய வெச்சு நீட்டறோம். மச்சான் கண்ணாடிய மாட்டுனாரு. பேரப் படிச்சாரு. முகூர்த்தம் படிச்சாரு. மண்டபம் படிச்சாரு. மண்டபத்துக்குக் கீழ வெலாசம் போட்டிருக்குமுங்கல்ல? ‘14 மாடிக் கட்டடம் எதிரில், கோவை.’ அந்த எடத்துல கண்ணு நின்னு போச்சு. கண்ணாடியக் கழட்டுனாரு. வேட்டியில தொடச்சாரு. மறுக்கா மாட்டுனாரு. அப்பறம் பத்திரிகைய மடிச்சு, வந்த மாதிரியே தட்டுல வெச்சுப்போட்டு, “அப்படியொரு கட்டடம் கோயமுத்தூர்லயே இல்லீங்களே மாப்ள. நான் மண்டபத்த எங்கீன்னு தேடறது?”ங்கறாரு.

“ஏனுங்க மச்சான், கோயமுத்தூர்ல பச்சக் கொழந்தையக் கேட்டாக்கூடப் பதினாலு மாடியக் கை காட்டுமே”ங்கறேன்.

“கொழந்தைக்கு எண்ணத் தெரியாதுங்க மாப்ள. பதிமூணு மாடின்னு போட்டுக் கொண்டாங்க, முத ஆளா வந்து நிக்கறேன்”ங்கறாரு.

நான் தட்டத் தூக்கிட்டு வந்துட்டேன். மயிலாத்தா உடுமலையிலருந்து பொள்ளாச்சி வரைக்கும் அழுதா. பொள்ளாச்சியிலருந்து உக்கடம் வரைக்கும் என்னையத் திட்டுனா. நான் தட்ட மடியில வெச்சுட்டு ஜன்னலப் பாத்துட்டே வந்தனுங்க. எனக்குப் புடிவாதமே கெடையாது. யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, இருங்க. அந்தக் கட்டடம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான உங்களுக்கு நாயம் புரியும்.

லிங்கையா செட்டியாருன்னு ஒரு மில்லுக்காரரு இருந்தாருங்க. அவரு மில்லுக்குப் பக்கத்துலயே இன்னொருத்தரு மில்லு. ரெண்டு பேருக்கும் ஆகாது. பக்கத்து மில்லுப் பொகபோக்கி இவரு பொகபோக்கிய விட ஒசரம். தெனம் காலைல காப்பி குடிக்கறப்ப அது இவரு கண்ணுல பட்டுட்டே இருந்துச்சாம். ஒரு நாளு மெட்ராஸ்லருந்து ஒரு இஞ்சினீயரக் கூட்டியாந்து, ‘எனக்கு ஒரு ஆபீசு கட்டோணும், அந்தப் பொகபோக்கிய விட ஒரு மொழமாச்சும் ஒசரமா இருக்கோணும்’னாரு. இஞ்சினீயரு எத்தன மாடின்னு கேட்டதுக்கு, ‘எத்தன மாடின்னு நீ எண்ணிக்க, எனக்கு மொழம் மட்டும் தப்பக் கூடாது’ன்னாராம். கோயமுத்தூரோட மொத ஒசரக் கட்டடம் அப்படித்தானுங்க வந்துச்சு. பேரு என்னமோ லிங்கையா டவர்சுதான். அந்தப் பேர ஒரு ஆளு சொல்லி நான் கேட்டதில்ல.

ஆனா இஞ்சினீயரு லேசுப்பட்ட ஆளில்லீங்க. அஸ்திவாரம் தோண்டுனா நடுவுல ஒரு பழைய கெணறு. எல்லாரும் அபசகுனம்னு கைய உதறுறாங்க. அந்தாளு கெணத்துக்குள்ள எறங்கிப் பாத்துட்டு, ‘பாற தெரியுது, தோண்டற வேல மிச்சம்’னுட்டு மேல வந்தாரு. பாலக்காட்டுக் காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு ஒரு மாசம் துணியக் கட்டி வெச்சுப் பாத்தாரு. கட்டடத்தோட ஒடுக்கமான பக்கத்தக் காத்துக்குக் காட்டி நிறுத்துனாரு. மேக்கு வெயிலு உள்ள வரப்படாதுன்னு ஜன்னலுக்கு ஜன்னலு சிமெண்ட்டுல சாய்ச்சுப் பலக வெச்சாரு. ஆடி மாசத்துல அந்தப் பலக சந்துல காத்துப் பூந்து கட்டடமே ‘ம்ம்ம்’னு மொனகும். கேட்டிருக்கறீங்களா? நீங்க ஆடிக்கு அப்பறம் வந்திருப்பீங்க.

மூங்கிச் சாரந்தானுங்க, அத்தன ஒசரத்துக்கும். சித்தாளுப் பொம்பளைங்க வரிசையா நின்னு கலவச் சட்டிய கைக்குக் கை மாத்தி மேல ஏத்துவாங்க. நடுவுல லிப்டு. அதச் சுத்திச் சுத்திப் படி. ஒவ்வொரு மாடியிலயும் லிப்டுக் கதவுக்கு நேரெதுக்க வெள்ளையா ஒரு சுவரு. அந்தச் சுவத்துல நெம்பர் எழுதோணும். அதுக்கு வந்தவந்தான் நானு. எழுபத்தி நாலு. எனக்கு இருவத்தி ரெண்டு வயசு.

செவப்பு எனாமலு, மூணு அடி ஒசர எழுத்து. இஞ்சினீயரு ஊருக்குப் போயிட்டாரு. ‘கீழயிருந்து எழுதிட்டுப் போ’ன்னு மேஸ்திரி சொன்னாரு. கீழன்னா எங்க? தரைதான? தரையில நின்னு ஒண்ணுன்னு எழுதுனேன். அதுக்கு மேல ரெண்டு. இப்படியே ஏறுனா உச்சியில பதினாலு. நாயமா இல்லீங்களா? டிபன் கேரியரு இருக்குது. நாலடுக்குக் கேரியருன்னா அடியில இருக்கற கிண்ணத்தையும் சேத்துத்தான நாலு? அடிக் கிண்ணத்துல சோறு இருக்குது, அத எண்ணமாட்டேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?

இத மச்சான்கிட்ட முப்பது வருசமாச் சொல்றேன். “அது அடுக்குங்க மாப்ள. அடுக்கு வேற, மாடி வேற. படியேறிப் போனாத்தான் மாடி. தரையில நிக்கறவன் மாடியிலயா நிக்கறான்?”ங்கறாரு. அப்பறம் ஒரு மாதிரியாப் பாத்து, “கேரியரப் பத்தி மட்டும் நீங்க பேசாதீங்க”ங்கறாரு. எதுக்கு அப்படிச் சொல்றாருன்னு எனக்கு வெளங்கல.

மச்சான் எப்படி உள்ள வந்தாருன்னு சொல்லலியே. அவருதானுங்க அந்தக் கட்டடத்துல லிப்டுப் பூட்டுன பிட்டரு. லிப்டுக் கம்பெனியிலருந்து வந்தவரு. அப்ப அவரு எனக்கு மச்சானில்ல, ஆளே தெரியாது. நான் தரையில ஒண்ணு எழுதறேன். அவரு லிப்டுக்குள்ள தரைக்கு ஒரு எழுத்து, அதுக்கு மேலயிருந்து ஒண்ணு, ரெண்டுன்னு பட்டன் வெக்கறாரு. உச்சியில பதிமூணு. நான் படியில, அவரு லிப்டுக் குழிக்குள்ள. ஒருத்தர ஒருத்தரு பாக்கவே இல்ல.

ஒரு நாளு நான் ‘ஏழு’ எழுதிட்டிருக்கறேன். பெயிண்ட்டு இன்னும் காயல. மூச்சு வாங்க ஒரு பொண்ணு படியேறி வருது. கையில நாலடுக்குக் கேரியரு. சுவத்தப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. “இதுதானுங்க ஏழாவது மாடி?”

“எழுதியிருக்குதுல்ல”ன்னேன்.

“எங்கண்ணன் ஏழாவது மாடியில வேல செய்யறேன்னு சொன்னாருங்க. காணமே?”

அவரு சொன்னது அவரு ஏழு. என்ர ஏழுக்கு ஒரு மாடி மேல, நான் எட்டுன்னு எழுதப் போற எடத்துல உக்காந்துட்டு அவரு பசியோட திருப்புளி சுத்திட்டிருக்கறாரு. எனக்கு அது எப்படித் தெரியும்? “வந்துருவாரு, வெச்சுட்டுப் போங்க அம்மிணி”ன்னேன். வெச்சுட்டுத் திரும்பிப் பாத்துட்டே எறங்குச்சு. அதுதானுங்க மயிலாத்தா.

அவங்கண்ணன் வரல. கேரியரத் தெறந்து பாத்தேன். அரிசிம்பருப்புச் சோறு. மேல நெய்யி. கத்திரிக்கா பொரியலு, தயிரு, ஊறுகா. நாலு அடுக்கையும் தின்னுப்போட்டேன், தம்பி. அன்னிக்கு எனக்குக் காலைலருந்து வெறும் டீ. இந்தச் சங்கதி மச்சானுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிப்போடாதீங்க.

மக்காநாளு கேரியரக் கழுவித் தொடச்சு எடுத்துட்டு அவரத் தேடிப் போனேன். “ஏழாவது மாடியில அனாதையாக் கெடந்துச்சுங்க. நாயி தின்னுப்போட்டிருக்குமாட்ட இருக்குது”ன்னேன். அந்த மனுசன் என்னைய மேல கீழ பாத்துட்டு, “ஏழு மாடி ஏறி வந்து, நாலடுக்கையும் தெறந்து தின்னு, கழுவி, மறுக்கா மூடியும் வெச்சுட்டுப் போச்சுங்களா அந்த நாயி?”ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். நம்பிட்டாரு. வெகுளியான மனுசன். அப்பறம் கேரியரக் குடுக்கற சாக்குல ரெண்டு மூணு நடை அவங்க ஊட்டுக்குப் போனேன், பொண்ணக் கேட்டேன், குடுத்தாரு.

அப்ப எங்க தகராறு வந்துச்சுங்கறீங்களா? தெறப்பு விழாவுல.

செட்டியாரு, பெரிய பெரிய ஆளுங்க எல்லாரும் லிப்டுல ஏறி உச்சிக்குப் போறாங்க. மச்சாந்தான் லிப்ட ஓட்டறாரு. புதுச் சட்ட, புது வேட்டி, அவருக்கு அன்னிக்குத்தான் கம்பெனியில பேரு கெடைக்கற நாளு. பதிமூணு அமுத்துனாரு. கதவு தெறக்குது. எதுக்க சுவத்துல என்ர எழுத்து: பதினாலு. செட்டியாருக்கு மொகமெல்லாம் பல்லு. ‘பாத்தீங்களா, பதிமூணுன்னு சொல்லி எம்பட இஞ்சினீயரு பதினாலு கட்டிக் குடுத்துட்டான்’னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. சொல்லிட்டு லிப்டுக்குள்ள திரும்பிப் பட்டனப் பாக்கறாரு. பதிமூணோட நிக்குது. ‘எங்கடா என்ர பதினாலாவது பட்டன்? திருடிட்டியா?’ன்னு அத்தன பேரு முன்னால மச்சானக் கேட்டுப்போட்டாரு.

மச்சான் வெளக்கிச் சொன்னாரு. செட்டியாரு கேக்கல. கம்பெனியும் மில்லுக்காரரப் பகைச்சுக்க முடியாதுன்னுட்டாங்க. ‘ஒரு பட்டன வெச்சுட்டுப் போ’ன்னு உத்தரவு. மறுவாரம் மச்சான் வந்து பதிமூணுக்கு மேல ‘14’ன்னு ஒரு பித்தளப் பட்டன வெச்சாரு. பின்னால ஒயரு கெடையாது. சும்மா பட்டன். அமுத்துனா உள்ள போகும், வெளிய வரும். லிப்டு அசையாது. முப்பது வருசமா எத்தன பேரு அதப் போட்டு அமுத்திருக்கறாங்கன்னு நெனைக்கறீங்க? அதுல எழுத்தே தேஞ்சு போச்சு. நான் எத்தனயோ ஊட்டு விசேசத்துல இதச் சொல்லிச் சிரிச்சிருக்கறேன். ‘ஒயரில்லாத பட்டன் வெச்ச பிட்டரு எங்க மச்சான்’னு சொன்னாப் பந்தியில ஒரு ஆளு சோறு திங்க முடியாது, அப்படிச் சிரிப்பாங்க. மச்சான் மட்டும் சிரிக்கமாட்டாரு. அவருக்குத் தமாசு புரியாதுங்க.

ஊரு பூரா பதினாலு மாடின்னுதான சொல்லுது? டவுன் பஸ்ஸு ஸ்டாப்புக்கே அந்தப் பேரு. ‘பதினாலு மாடி எல்லாம் எறங்கு’ன்னு கண்டக்டர் சொல்றப்ப மச்சான் சீட்டுலயே உக்காந்திருப்பாரு. அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி நடந்து வருவாரு. இதுக்குப் பேரு புடிவாதம். எனக்கு இது கெடையாது.

தம்பி, எதுக்குக் கைய ஆட்டறீங்க? கெணத்துக்கடவு வந்துருச்சு, அவ்வளவுதான். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? அப்பச் சொல்றதக் கேளுங்க.

போன மாசம் அந்தப் பழைய லிப்டக் கழட்டிப்போட்டு புதுசு பூட்ட ஆரம்பிச்சாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அங்கதான இருக்கறீங்க. மேனேஜரு என்னையக் கூப்புட்டு, ‘சுவத்துல நெம்பரெல்லாம் மங்கிக் கெடக்குது, இருக்கறது மேலயே புதுசா எழுதிக் குடு’ன்னாரு. உடுமலையிலருந்து தட்டத் தூக்கிட்டு வந்தனே, அதுக்கு ரெண்டு நாளு கழிச்சு. வேலையப் பாக்கப் போனேன். கீழ பழைய லிப்டு இரும்பெல்லாம் குமிச்சுக் கெடக்குது. அதுல அந்தப் பித்தளத் தகடு. பதினாலாவது பட்டன் தொங்கிட்டுக் கெடந்துச்சு. மச்சான்கிட்டக் காட்டிச் சிரிக்கலாமேன்னு தகட்டுத் துண்டோட புடுங்கி எடுத்தேன்.

இதா, சட்டச் சோப்புல இருக்குது. பாருங்க. முன்னால பாக்காதீங்க, பின்னால திருப்புங்க. ஆணியில கீறியிருக்குதுங்களா? ‘இது பொய் பட்டன். நானாக வெக்கவில்லை, வெக்கச் சொன்னார்கள். திருமூர்த்தி.’ எழுத்துக் கோணலு. வெக்கவில்லைக்கு ‘ல்’ விட்டுட்டு அப்பறமா மேல சொருகியிருக்கறாரு. எழுத்துக்காரனாப் பாத்தா இது ஒரு எழுத்தே இல்ல.

ஆனா பாருங்க தம்பி. யாரும் பாக்கப் போறதில்ல. தகட்டுக்குப் பின்னால. இருட்டுக்குள்ள. அதுல போயி ஒரு மனுசன் தன்ர பேரப் போட்டு எழுதி வெச்சிருக்கறாரு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலீங்க. இத்தன வருசமாப் பந்தியில சொல்லிச் சிரிச்சது எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. அவரு பாதிச் சாப்பாட்டுல எலய மடிக்காம எந்திரிச்சுப் போனது ஞாபகம் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு.

அதுக்காக என்ர கணக்குத் தப்புன்னு அர்த்தமில்ல. பதினாலு பதினாலுதான். ஆனா பெயிண்ட்டு மிச்சமிருந்துச்சு. கையும் சும்மா இருந்துச்சு. முந்தாநாளும் நேத்தும் விடியக்காலைல போயி, இந்த முட்டி வலியோட பதினாலு சுவத்தையும், சரி, அவருக்காக ஒருக்காச் சொல்றேன், பதிமூணு மாடியையும் தரையையும் வெள்ளையடிச்சு மாத்தி எழுதிப்போட்டேன். தரையில ‘தரை’ன்னு எழுதுனேன். அதுக்கு மேல ஒண்ணு. உச்சியில பதிமூணு. மேனேஜருக்கு இன்னும் தெரியாது. லிப்டு ஓடல, அவரு படியேறமாட்டாரு.

ஒரு எடத்துல மட்டும் கை போகலீங்க. தரை, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, எல்லாம் சரியா எழுதிட்டே வந்தேன். ஆறு எழுத வேண்டிய சுவரு. அதுல என்ர பழைய ஏழு நிக்குது. மயிலாத்தா வந்து நின்னாளே, அந்த ஏழு. பிரஷ்ஷ வெள்ளையில தொட்டேன். எடுத்தேன். பிரஷ்ஷக் கையில புடிச்சுட்டுப் படியில உக்காந்துட்டேன். அந்தச் சுவத்த அழிக்கறதுக்கு எனக்கு மனசு வரல. அது மேலயே செவப்பத் தீத்தி ஏழப் பளபளன்னு ஆக்கிப்போட்டு மேல போயிட்டேன். மேல போனா அதுதான் நெசமான ஏழு. அங்கயும் ஏழுன்னு எழுதிட்டேன். ஆக, அந்தக் கட்டடத்துல இப்ப ஆறு கெடையாது. ஏழு ரெண்டு இருக்குது. யாரு பாக்கப் போறா?

இதாங்க, பத்திரிகை. எண்ணூறு பத்திரிகையிலயும் பதினாலு. இது ஒண்ணுல மட்டும் தங்கக் கலரத் தொட்டு நாலை மூணாக்கியிருக்கறேன். வித்தியாசம் தெரியுதுங்களா? தெரியாது. முப்பது வருசக் கை. இதையும் பட்டனையும் குடுத்து, ‘மச்சான், பதிமூணு மாடிதானுங்க, வாங்க’ன்னு சொல்லப் போறேன். வாயில வருமான்னு தெரியல. பொள்ளாச்சி தாண்டுனதும் மனசுக்குள்ள ஒருக்காச் சொல்லிப் பாத்தேன். ‘பதி’ வரைக்கும் வந்துச்சு.

ஏந்தம்பி மொகம் அப்படி மாறிப்போச்சு? அப்பத்துலருந்து வாயத் தொறக்கறீங்க, மூடறீங்க. சரி, நான் நிறுத்திட்டேன். சொல்லுங்க.

என்னுங்க?

லிப்டா? புது லிப்டப் பூட்டறதே நீங்கதானுங்களா? அட, முதல்லயே சொல்றதுக்கென்ன?

காலைல படியேறுனீங்களா? ரெண்டு ஏழு இருந்துச்சா? நீங்க பாத்துட்டீங்களா? அதுக்கா ஓடி வந்தீங்க?

மெதுவா, மெதுவாச் சொல்லுங்க. பஸ்ஸுச் சத்தத்துல எனக்குக் காது கேக்கல. பட்டன் தகட்டுக்கு என்ன நெம்பர் போடறதுன்னு பழைய பிட்டரக் கேட்டீங்க. போன வாரம். போன்ல. உடுமலைக்கு. எங்க மச்சானையா?

என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்த விடாம.

‘சுவத்துல இருக்கறபடியே ஒண்ணுலருந்து பதினாலு போட்டுருங்க’ன்னாரா? எங்க மச்சானா? திருமூர்த்தியா? ‘அது எங்க மாப்ள எழுத்து, அத யாரும் மாத்தக் கூடாது’ன்னாரா?

அப்பறம்?

‘அந்த நெம்பரால எனக்கு ஒரு நாளு சோறு போச்சு, எந்தங்கச்சிக்கு ஒரு நல்ல புருசன் கெடைச்சான்’னு சொன்னாரா?

தெரிஞ்சிருக்குது, தம்பி. அந்த மனுசனுக்கு நாயி யாருன்னு முதல் நாள்லருந்தே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே பொண்ணக் குடுத்திருக்கறாரு. ஒரு நிமிசம் இருங்க. ஒண்ணுமில்ல, ஜன்னல் காத்து, கண்ணுல தூசி. இல்ல, தூசியெல்லாம் இல்ல. அழுவாச்சியா வருது. சிரிப்பாவும் வருது.

அப்ப இந்தப் பெட்டியில அந்தத் தகடா? நான் கால வெச்சிருந்தனே. தெறங்க, பாக்கலாம். அடடா. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாலு. பளபளன்னு. இதுல பதினால அமுத்துனா லிப்டு போகுமா? ஒயரு இருக்குதா? உச்சிக்கே போகுமா? அப்ப எங்க மச்சானோட பொய்ப் பட்டன் நெசமாயிருச்சுன்னு சொல்லுங்க.

இருங்க. அய்யய்யோ. சுவத்துல நான் பதிமூணு எழுதிப்போட்டனே. அவரு எனக்காகப் பதினாலு போட்டாரு, நான் அவருக்காகப் பதிமூணு எழுதிட்டேன். மறுக்கா ஒண்ணு தப்புது. இதக் கேக்கத்தான் அவரத் தேடிப் போறீங்களா? போன்ல கேக்க வேண்டியதுதான? எடுக்கமாட்டேங்கறாரா? எப்படி எடுப்பாரு, தங்கச்சி கூப்புடறான்னு நெனச்சிருப்பாரு.

வேண்டாங்க. எதையும் மாத்த வேண்டாம். தகடு இப்படியே இருக்கட்டும். சுவரும் அப்படியே இருக்கட்டும். அவரு சொன்னத நான் அழிச்சாலும் தப்பு, நான் எழுதுனத நீங்க அழிச்சாலும் தப்பு. மேனேஜரு என்னையத் திட்டட்டும், நான் பாத்துக்கறேன்.

சரி, கணக்கச் சொல்லுங்க, எனக்கு இப்பக் கொளப்புது. உங்க லிப்டுல ஏழ அமுத்துனா எங்க போயி நிக்கும்? தரை ஒண்ணுன்னா... ரெண்டு, மூணு... மயிலாத்தா நின்ன எடத்துலயா? நான் அழிக்காம உட்ட அந்தப் பழைய ஏழுக்கு நேரெதுக்கவா? பட்டன்லயும் ஏழு, கதவு தெறந்தா சுவத்துலயும் ஏழு. மத்த எல்லா மாடியிலயும் ஒண்ணு தப்பும், அந்த ஒண்ணுல மட்டும் சரியா இருக்கும். முப்பது வருசத்துல அவரு பட்டனும் என்ர சுவரும் ஒத்துப்போற ஒரே எடம் அதுதானுங்களா?

கலியாணம் முடிஞ்சதும் நாங்க மூணு பேரும் அங்க போகோணும். மச்சான் அமுத்தட்டும்.

கோமங்கலம் தாண்டிருச்சு. பெட்டியக் குடுங்க, நான் ஒரு கை புடிக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே போலாம். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கச் சொல்லலாம், இந்தத் தடவ கேட்டுட்டே தின்னுக்கறேன். நீங்களும் வியாழக்கிழம வந்துருங்க தம்பி, பதினாலு மாடிக்கு எதுக்க. எத்தனன்னு மச்சான் முன்னால மட்டும் சொல்லிப்போடாதீங்க.

அந்த ரெண்டு ஏழையும் என்ன செய்யறதுன்னா கேக்கறீங்க? அப்படியே உட்டுருங்க. ஏழாவது மாடிக்குக் கேரியரத் தூக்கிட்டு வர்ற புள்ள ஏதாச்சும் ஒரு ஏழுல எறங்கிக்கட்டும்.